இறவாரத்து மண்

போன மாதம் எங்கள் பழைய ஆய்வுக்கூடத்திலிருந்து ஒரு பெண் தொலைபேசியில் கூப்பிட்டார். நான் எழுந்த நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருப்பவர் அவர்தான். கைப்பட எழுதிய பழைய பதிவேடுகளை எல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றுகிறார்களாம். நல்ல காரியம். கரையான் தின்றதுபோக மிச்சமாவது பிழைக்கும்.

“சார், கூடலூர் மண்ணுல ஒரு புள்ளி மட்டும் தனியா மேல நிக்குது. மூணு வாரம் கழிச்சு எடுத்த மண்ணுல அது அஞ்சுல ஒரு பங்காக் குறைஞ்சிருக்கு. சீசியம் மூணு வாரத்துல அப்படிக் குறையாதே சார். மெஷின் கோளாறா இருக்கும். எடுத்துரட்டுமா?”

“மெஷின் நல்லாத்தாம்மா இருந்துச்சு. கோளாறு மனுஷங்ககிட்ட” என்றேன். அவர் சிரித்தார். வேடிக்கைக்குச் சொல்கிறேன் என்று நினைத்துவிட்டார். அப்படியே, புதிதாகச் சேர்ந்தவர்கள் படிக்க உங்கள் அனுபவத்தை நாலு பக்கம் எழுதிக் கொடுங்களேன் என்றும் கேட்டார். எனக்குப் பொன்னாடை போர்த்திய அன்று மேடையில் நேர்மை, கடமை, அர்ப்பணிப்பு என்று அளந்தார்களே, அந்தச் சரக்கை எதிர்பார்த்துக் கேட்கிறார் போல. கிடைக்கப் போவது வேறு.

முதலில் என் எரிச்சல் ஒன்றைத் தீர்த்துக்கொள்கிறேன். தேனியில் நான் காலையில் போகும் டீக்கடையில், எங்கேயாவது சண்டை என்று டிவியில் செய்தி வந்தால் போதும், பத்து அணு விஞ்ஞானிகள் முளைத்துவிடுவார்கள்.

“குண்டு விழுந்த மண்ணுல ஆயிரம் வருசத்துக்குப் புல்லு மொளைக்காதாம்ல” என்பார் ஒருவர்.

“அதெல்லாம் சும்மாய்யா. மஞ்சளப் பால்ல போட்டுக் குடிச்சா ஒரு கதிரும் அண்டாதுன்னு போன்ல வந்திருக்கு” என்பார் இன்னொருவர்.

முப்பத்து நாலு வருடம் இதையே அளந்தவன் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்து வடை தின்கிறேன். என்னை ஒருவர் கேட்க வேண்டுமே! ஒருமுறை நானாக வாயைத் திறந்தேன். “நீங்க பழைய ஆளு சார். இப்பல்லாம் அது மாறிப்போச்சு” என்றார் மஞ்சள் பால்காரர். கதிரியக்கம் மாறிப்போச்சாம்! புதிதாக ஜி.ஓ. போட்டிருப்பார்கள்.

விஷயம் இவ்வளவுதான். வெடித்து ஒரு மணி நேரத்தில், தூசி விழுந்த இடத்தில் கதிர்வீச்சு ஆயிரம் என்று வைத்துக்கொண்டால், ஏழு மணி நேரத்தில் ஏறக்குறைய நூறு. இரண்டு நாளில் பத்து. இரண்டு வாரத்தில் ஒன்று. நேரம் ஏழு மடங்கானால் அளவு பத்தில் ஒன்று. முதல் இரண்டு நாள் கதவை அடைத்துக்கொண்டு உள்ளே கிடப்பவன் பிழைக்க வழி உண்டு, வேடிக்கை பார்க்க ஓடுகிறவனுக்கு இல்லை. அதற்கப்புறம் கதை மெதுவாகும். சீக்கிரம் அழிகிறவை அழிந்து, நெடுநாள் இருப்பவை மிஞ்சும். பாலில் ஏறுகிற அயோடின் எட்டு நாளில் பாதியாகும், சில மாதங்களில் இருந்த இடம் தெரியாது. சீசியம் பாதியாக முப்பது வருடம். அதிலும் மழை அதைக் கீழே இறக்கும், களிமண் பிடித்து வைத்துக்கொள்ளும், மேலே புது மண் மூடும். அதனால் மனிதன்மேல் படுவது அந்த முப்பது வருடக் கணக்கைவிட வேகமாகவே குறையும். ஆயிரம் வருடமும் பொய், மஞ்சள் பாலும் பொய். இதைக் கற்றுக்கொள்ள எனக்கு ஒரு பௌதிகப் பட்டமும் இரண்டு வருடப் பயிற்சியும் வேண்டியிருந்தன. பயிற்சியில் முக்கால்வாசி நேரம் பாட்டில் கழுவினேன். அதைப் பற்றி எழுத வேறொன்றும் இல்லை.

எங்கள் ஆய்வுக்கூடத்தின் வேலை, நான் தொட்டிலில் கிடந்த காலத்தில் வல்லரசுகள் வானத்தில் வெடித்துப் பார்த்த குண்டுகளின் தூசி இங்கே எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று வருடாவருடம் பார்ப்பது. அவர்கள் வெடித்தார்கள், நாங்கள் மண் அள்ளினோம். மயிலாடும்பாறை மேட்டு நிலத்தில் ஓர் இடம், வைகை அணையில் நீர் வற்றும்போது தெரியும் வண்டலில் ஓர் இடம், கூடலூரில் ஓர் இடம். தூசியை இறக்கியது மழைதான். அதனால் மழை அதிகமான கூடலூரில் எப்போதும் கொஞ்சம் கூடுதலாக இருக்கும், காய்ந்து கிடக்கும் மயிலாடும்பாறையில் குறைவாக இருக்கும். எல்லாமே யாருக்கும் கெடுதல் செய்யாத அளவு. வருடத்துக்கு வருடம் கோடு கீழே இறங்கும். வேலை அவ்வளவுதான். பரபரப்பு என்று ஒன்றும் கிடையாது. அதுதான் எங்கள் பொறுப்பு அதிகாரிக்குப் பெரிய குறை.

அவர் பெயர் வேண்டாம். அவரைப் பார்த்தால் யாரும் மரியாதை கொடுப்பார்கள். வந்ததும் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேஜையில் வைப்பார், கைக்குட்டையால் மேஜைக் கண்ணாடியைத் துடைப்பார், பிறகு பென்சில் சீவுவார். பென்சில்தான். அந்த மனிதர் பேனாவால் ஒரு வரி எழுதி நான் பார்த்ததில்லை. கடிதங்களைப் பென்சிலில் எழுதித் தருவார், நாங்கள் டைப் அடித்து எங்கள் பெயரில் கையெழுத்துப் போடுவோம், பிறகு பென்சில் தாளைத் திரும்ப வாங்கி ரப்பரால் அழித்து, அதே தாளில் அடுத்த கடிதம் எழுதுவார். சிக்கனம் என்று நினைத்து நான் முதல் இரண்டு வருடம் வியந்தேன். அப்புறம்தான் விளங்கியது. குப்புற விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டாமல் இருக்க அவர் கண்டுபிடித்த வழி அது.

மண் எடுக்க ஒரு முறை இருக்கிறது. உழாத, கிளறாத, சமமான வெட்டவெளியாக இருக்க வேண்டும். மரத்தடி கூடாது, சாம்பல் கொட்டிய இடம் கூடாது, கூரைக்குப் பக்கம் கூடவே கூடாது. இரும்பு வளையத்தை மண்ணில் அடித்து இறக்கி, உள்ளே இருப்பதை விரற்கடை விரற்கடையாக வெட்டி, தனித்தனிப் பையில் போட வேண்டும். கூடவே ஓர் அட்டை. எந்த இடம், என்ன தேதி, கூரையிலிருந்து எத்தனை அடி என்று அதில் எழுத வேண்டும். பிறகு காயவைத்து, சலித்து, டப்பாவில் அடைத்து, ஈயச் சுவருக்குள் இருக்கும் கருவியில் ஒரு முழு நாள் வைத்தால் எண் வரும். கருவிக்குப் பொய் சொல்லத் தெரியாது. அட்டைக்குத் தெரியும், ஏனென்றால் அதை எழுதுவது நாம்.

கூடலூரில் எங்கள் இடம் பேச்சியம்மாள் என்பவரின் வீட்டுக்குப் பின்னால் இருந்தது. கணவர் இறந்துவிட்டார். இரண்டு பசுமாடுகள், பால் சங்கத்துக்கு ஊற்றும் பால், அதில்தான் அடுப்பு எரிந்தது. வீடு அவர் மாமனார் காலத்துத் தகரக் கூரை வீடு. அந்த வருடம் நான் போன அன்று சாரல் பிடித்துக்கொண்டது. வெட்டவெளி முப்பதடி தள்ளி இருந்தது, நடுவில் சேறு. கம்பத்துக்குப் போகும் பஸ்ஸைப் பிடிக்கும் அவசரம் வேறு.

“நனையாதீக சார், இங்கன எறவாரத்துல ஒதுங்குங்க” என்று பேச்சியம்மாள் கூரை விளிம்புக்கு அடியில் ஒரு ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டார்.

உட்கார்ந்தேன். எட்டும் தூரத்தில், கூரைத் தண்ணீர் சொட்டிச் சொட்டிப் பள்ளமான கோட்டில், மண் நல்ல பதமாகத் தெரிந்தது. குனிந்து வளையத்தை வைத்துத் தட்டினேன். சிரமமில்லாமல் இறங்கியது. அட்டையில் ‘கூரையிலிருந்து முப்பது அடி’ என்று எழுதினேன். கை கொஞ்சம்கூட நடுங்கவில்லை. அரசுச் சம்பளம் வாங்கும் கை, எதற்கு நடுங்கப் போகிறது?

இங்கே என்ன தவறு என்று வெளியாட்களுக்குத் தெரியாது. அந்தக் கூரை முழுவதிலும் விழுந்த மழை அந்த ஒரே கோட்டில்தான் சொட்டுகிறது. குண்டுகள் வெடித்த காலத்தில் கூரையில் விழுந்த தூசியும் அந்தக் கோட்டில்தான் இறங்கியது. வீடு முழுவதையும் பெருக்கி ஒரு மூலையில் குவித்த மாதிரி. அங்கே எடுத்தால் எண் கூடும், எந்தப் பழைய வீட்டில் எடுத்தாலும் கூடும். பயிற்சியில் பாட்டில் கழுவியபோதே இதைச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள்.

எண் வந்தது, வழக்கமான அளவைப்போல் ஐந்து மடங்கு. அப்போதும் ஆபத்தின் பக்கத்தில்கூட இல்லை. பார்த்ததுமே எனக்குக் காரணம் புரிந்துவிட்டது, வாயைத் திறக்கவில்லை. எப்படியும் மேஜை இழுப்பறையில்தானே தூங்கப் போகிறது என்று இருந்தேன். எங்கள் அதிகாரிக்கோ முகமெல்லாம் பல். வாழ்நாளில் முதல்முறையாக அவருக்கு ஒன்று கிடைத்திருக்கிறது! பென்சில் பறந்தது. ‘வழக்கத்தைவிட அதிகம். தொடர்ந்து கண்காணிக்கப்படும்.’ ஊர், வீடு, பேச்சியம்மாள் பெயர் எல்லாம் என் அட்டையிலிருந்து அப்படியே கடிதத்தில் ஏறின. நகல் நாலு அலுவலகங்களுக்குப் போயிற்று. கையெழுத்து என்னுடையது.

மறுபடி மண் எடுத்துவரச் சொல்லி என்னை அனுப்பினார். பஸ் இறங்கி, பால் சங்கத்துக்கு எதிரே டீ கேட்டேன்.

“கட்டன் மட்டுந்தான் சார்” என்றார் கடைக்காரர்.

“ஏன், பால் இல்லையா?”

“பாலு இருக்கு. எது அந்தப் பொம்பளை வீட்டுப் பாலுன்னு தெரியாம எப்படி ஊத்துறது? ஆபீசுலருந்து அணு எறங்கியிருக்குன்னு எழுதியிருக்காகளாம்ல” என்றார்.

மண்ணைப் பற்றி எழுதிய கடிதம் ஏதோ ஓர் அலுவலகத்தில் ஒரு புத்திசாலியின் கையில் சிக்கி, பாலைப் பற்றிய சேதியாக ஊருக்குள் இறங்கியிருந்தது. பாலை ஒருவரும் அளக்கவில்லை. அளக்காமலே தீர்ப்பு! ஒன்பது நாளாகச் சங்கத்தில் பேச்சியம்மாள் பாலை வாங்கவில்லை. ‘அணுப்பால்’ என்று பெயரே வைத்துவிட்டார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? ஆனால் அந்த வாயில் சொல்லை எடுத்து வைத்தது ஊர் இல்லை, நான்.

பேச்சியம்மாள் என்னைப் பார்த்ததும் ஓடிவந்தார்.

“ஆத்தாடி, வந்துட்டீகளா! நீங்க வந்து சொன்னாத்தான் சார் இவுக கேப்பாக. கன்னுக்குட்டி எம்புட்டுத்தான் குடிக்கும்? மிச்சத்தக் குழியில ஊத்துறேன். ஊத்துறப்ப வயிறு எரியுது சார்.”

இந்த முறை வெட்டவெளியில், முப்பதடி அளந்து, முறைப்படி எடுத்தேன். ஒரு பாட்டில் பாலும் வாங்கிக்கொண்டேன். மண்ணில் வழக்கமான அளவுதான் இருந்தது. பாலில் இருந்தது ஊரில் எல்லார் பாலிலும் இருப்பதுதான், கருவிக்கே தேடிப் பிடிக்கச் சிரமமான அளவு.

அன்று அதிகாரியின் அறைக் கதவைச் சாத்திவிட்டு உண்மையைச் சொன்னேன். இறவாரத்தில் எடுத்தேன், அட்டையில் பொய் எழுதினேன், முதல் அறிக்கை தவறு என்று எழுதி அனுப்ப வேண்டும் என்றேன். அவர் பென்சிலைச் சீவி முடித்து, தூளை ஊதிவிட்டு, பிறகுதான் தலையை நிமிர்த்தினார்.

“நீங்க இப்ப சொன்னது எதுவும் என் காதுல விழல” என்றார். “தவறுன்னு எழுதினா, உங்க அட்டை ஒவ்வொண்ணையும் தோண்டுவாங்க. எத்தனை வருஷத்து அட்டை? அடுத்த மாசம் உங்க பதவி உயர்வு நேர்காணல் இருக்குல்ல?”

“அந்தம்மா பாலைக் குழியில ஊத்துது சார்.”

“அதுக்குத்தான் எழுதறேன்” என்று சொல்லி எழுதினார். ‘மேற்படி இடத்தில் கதிரியக்க அளவு தற்போது குறைந்துள்ளது எனத் தெரிவிக்கப்படுகிறது.’

படித்துவிட்டுத் தாளை அவர் பக்கம் தள்ளினேன். “சீசியம் சார்! பாதியாகவே முப்பது வருஷம். மூணு வாரத்துல எப்படி சார் குறையும்?”

“குறையலையா? உலகத்துல எல்லா இடத்துலயும் தினமும் குறைஞ்சுக்கிட்டுத்தானே இருக்கு? இதுல ஒரு வார்த்தை பொய் காட்டுங்க.”

வார்த்தை வார்த்தையாகப் பார்த்தேன், ஒவ்வொன்றும் சரியாகத்தான் இருந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். இவர் பூசணிக்காயை வெளியில் வைத்துக்கொண்டு சோற்றை மறைத்தார். எவ்வளவு கேவலமான மனிதர் என்று மனதுக்குள் திட்டிக்கொண்டே டைப் அடித்தேன். திட்டிக்கொண்டே கையெழுத்தும் போட்டேன். திட்டியதால் என் கையெழுத்துக்கு மசி ஏதும் குறைந்துவிடவில்லை. நேர்காணலில் தேறினேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

கடிதத்தை நானே பால் சங்கத்துக்கு எடுத்துப் போனேன். காலையில் பால் ஊற்றும் நேரம். பத்துப் பதினைந்து பேர் கேனோடு நின்றார்கள். பேச்சியம்மாளும் ஒரு கேனோடு வந்து ஓரமாக நின்றார். நான் வருவதாகச் சொல்லி அனுப்பியிருந்ததால், அன்றைக்கு வாங்கிவிடுவார்கள் என்று கேனைப் புளி போட்டு விளக்கிக் கொண்டுவந்திருந்தார். சங்கச் செயலாளர் கடிதத்தை உரக்கப் படித்தார். படித்துவிட்டு மறுபடி ஒருமுறை மனதுக்குள் படித்தார். அந்த ஆளை மட்டும் என்னால் இகழ முடியவில்லை. அன்று அங்கே ஒழுங்காக யோசித்தவர் அவர் ஒருவர்தான்.

“குறைஞ்சிருக்குன்னா, முன்னாடி இருந்துச்சுன்னுதானே சார் அர்த்தம்?” என்று கேட்டார்.

நான் பஸ் வரும் பக்கம் திரும்பிப் பார்த்தேன்.

“இருந்து குறைஞ்சிருக்குன்னா நாளைக்குக் கூடவும் செய்யும்ல? நேராச் சொல்லுங்க சார். இருந்துச்சா, இல்ல இருக்கவே இல்லையா?”

“அது... கடிதத்துல உள்ளதுதான்” என்றேன்.

“அண்ணே, சாரத் தொந்தரவு பண்ணாதீகண்ணே. அவுக எனக்காக இம்புட்டுத் தூரம் வந்திருக்காக” என்றார் பேச்சியம்மாள்.

செயலாளர் நல்ல மனிதர், வழி ஒன்று கண்டுபிடித்தார். பேச்சியம்மாள் கேனிலிருந்து ஒரு தம்ளர் பாலை முகந்து என் முன்னால் நீட்டினார். “எழுத்தெல்லாம் கெடக்கட்டும் சார். நீங்க படிச்சவுக, அளந்தவுக. இந்தாங்க, இத எங்க முன்னால குடிங்க. நீங்க குடிச்சா நாங்க இந்த நிமிசமே வாங்கிக்கிறோம்.”

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அந்தப் பாலில் ஒன்றும் இல்லை என்று அந்த ஜில்லாவிலேயே நிச்சயமாகத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். ஆனால் குடித்தால் அடுத்த கேள்வி என்னவென்றும் தெரியும். ‘அப்ப எதுக்கு சார் மொதக் கடுதாசி எழுதுனீக?’ அதற்குப் பதில் என் அட்டையில் இருந்தது.

“எனக்குப் பச்சைப் பால் ஒத்துக்காதுங்க” என்றேன்.

ஒருவரும் சிரிக்கக்கூட இல்லை. செயலாளர் தம்ளரைத் தரையில் கவிழ்த்துவிட்டு அடுத்த ஆளின் கேனை எடுத்தார். பேச்சியம்மாள் தன் கேனை மூடிக்கொண்டார். இரண்டு மாடுகளையும் அடுத்த மாதமே விற்றுவிட்டார் என்றும், குமுளி ஜீப்பில் ஏலத்தோட்டக் கூலிக்குப் போகிறார் என்றும் அடுத்த வருடம் மண் எடுக்கப் போனபோது பக்கத்து வீட்டில் சொன்னார்கள். அவர் வேலைக்குப் போயிருந்த நேரம். எனக்கு அது சௌகரியமாக இருந்தது.

கேட்ட பெண்ணுக்குப் பதில்: அந்தப் புள்ளியை எடுக்காதீர்கள், அம்மா. பக்கத்தில் ‘இறவாரத்து மண், அட்டை பொய்’ என்று போட்டு என் பெயரை எழுதுங்கள். அதிகாரியைத் தேடினால் கிடைக்கமாட்டார், எங்கேயும் அவருடைய பென்சில் கீறல்கூட இருக்காது. அவரைத் திட்டித் திட்டியே இத்தனை வருடம் என்னை நல்லவன் என்று நம்பிக்கொண்டு திரிந்தேன். இப்போது எழுதிப் பார்த்தால் அவர் செய்ததில் ஒன்றும் என் கையெழுத்து இல்லாமல் நடக்கவில்லை.

அன்றைக்கு நடந்ததில் இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. சங்கத்திலிருந்து நழுவி பஸ் நிறுத்தம் பக்கம் நடந்தேன். பின்னாலேயே பேச்சியம்மாள் வந்தார். இவ்வளவு தூரம் வந்தவரை வெறும் வயிற்றோடு அனுப்ப மாட்டேன் என்று வீட்டுக்குக் கூட்டிப் போனார். உள்ளே உட்காரவைத்துவிட்டு அடுப்பைப் பற்றவைத்தார். கொஞ்ச நேரத்தில் பெரிய தம்ளரில், ஆவி பறக்க, ஆடையோடு கொண்டுவந்து கொடுத்தார்.

“பச்சப் பாலு ஒத்துக்காதுன்னீகள்ல சார். அவுகளுக்கு அது வெளங்கல. நல்லாக் காச்சியிருக்கேன், குடிங்க” என்றார்.

குடித்தேன். இன்னொரு தம்ளர் ஊற்றினார். அதையும் ஒரு சொட்டு மிச்சமில்லாமல் குடித்தேன். வீட்டுக்குள் எங்கள் இருவரைத் தவிர வேறு யாரும் இல்லை.